ரப்பரைக் கொண்டு ஆர் படிப்போம்

கோலகங்சாரில் 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று என்று காக்கப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சுற்றியும் நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய தோட்டங்கள் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களில் ஆர் என்ற புள்ளியியல் மொழியைக் கற்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் காட்ட நினைப்பது ரப்பரைத்தான்.

ஆரை நிறுவும்போதே கூடவரும் மாஸ் என்ற தொகுப்பில் 'ரப்பர்' என்றே ஓர் அட்டவணை உண்டு. டயர் ரப்பரைச் சோதித்த விவரம் அது, ஓ. எல். டேவிஸ் 1947-இல் வெளியிட்ட புள்ளியியல் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதை வைத்துப் பாடங்களில் வரக்கூடிய ஒரு வரி இது:

எல்எம்(லாஸ் ~ ஹார்ட் + டென்ஸ், டேட்டா = ரப்பர்)

புதியவர் இதை இடமிருந்து வலமாக வாசித்துத் திகைப்பார். அடைப்புக்குறிக்கு உள்ளே இருந்து தொடங்குவது நல்லது. 'ரப்பர்' என்பது என்ன? முதலில் லைப்ரரி(மாஸ்) என்று தட்டித் தொகுப்பை ஏற்றிவிட்டு, எஸ்டிஆர்(ரப்பர்) என்று தட்டினால் ஆரே சொல்லிவிடும்: 30 வரிசை, 3 பத்தி. லாஸ் என்பது தேய்மானம், ஹார்ட் கடினம், டென்ஸ் இழுவலிமை. முதல் வரிசையில் 372, 45, 162.

அடுத்தது அந்தக் கூட்டல் குறி. பலர் சறுக்கும் இடம் இதுதான். கடினத்தையும் இழுவலிமையையும் இங்கே யாரும் கூட்டவில்லை. 'தேய்மானத்தை இவ்விரண்டையும் கொண்டு விளக்கு' என்பதே பொருள். குறிகளை இப்படிப் பயன்படுத்தும் முறையை வில்கின்சனும் ரோஜர்ஸும் 1973-இல் வெளியிட்டார்கள். வில்கின்சன் பணிபுரிந்தது ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில். பயிர்ச் சோதனைகளை அலசப் பிறந்த எழுத்துமுறை, பிறகு பெல் ஆய்வகத்தின் எஸ் மொழிக்குள் வந்தது. எஸ்ஸைப் பின்பற்றி ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை எழுதினார்கள்.

சந்தேகம் இருந்தால் வரியில் ஒரே ஒரு இடத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். முழு வரியை ஓட்டினால் ஹார்ட்டுக்குக் கிடைக்கும் எண் சுமார் −6.6. இழுவலிமை மாறாதிருக்கும்போது கடினம் ஓர் அலகு கூடினால், தேய்மானம் அவ்வளவு குறையும். '+ டென்ஸ்' என்பதை நீக்கினால் அது −5.3 ஆகிவிடும். இந்த அட்டவணையில் கடினம் கூடிய ரப்பருக்கு இழுவலிமை சற்றுக் குறைவாக இருப்பதால் வரும் மாற்றம் இது. உண்மையிலேயே கூட்ட வேண்டுமானால் ஐ(ஹார்ட் + டென்ஸ்) என்று எழுத வேண்டும். அப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான் வரும். ஒரு குறியின் வேலையைப் பத்துப் பக்க விளக்கத்தைவிட இந்த மூன்று ஓட்டங்கள் தெளிவாகக் காட்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எஞ்சியிருப்பது எல்எம், நேரியல் மாதிரியைப் பொருத்தும் செயற்கூறு. முன்னால் கேள்விக்குறி போட்டுத் தட்டினால் உதவிப்பக்கம் திறக்கும். அடைப்புக்குறி இல்லாமல் பெயரை மட்டும் தட்டினால், அந்தச் செயற்கூறின் நிரல் முழுவதும் திரையில் வரும். திறந்த மூலமென்பதால் வாசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த நிரலில் எல்எம்.ஃபிட் என்று இன்னொரு பெயர் இருக்கும். அதையும் அப்படியே தட்டிப் பாருங்கள்.