கரிசல் நீர் – 14: குளிக்க ஓர் இடம்

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவை வற்றிய பிறகு பிள்ளைகள் எங்கே நீந்துகிறார்கள் என்பது இந்த வாரக் கேள்வி. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் சித்திரைக்குள் பல கண்மாய்களின் தரை தெரிந்துவிடும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மேற்கே ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆறும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பும் இருக்கின்றன. மலையில் மழை பெய்திருந்தால், பேருந்துக் காசும் இருந்தால் போகலாம். ஊரருகே மிஞ்சுவது பாசனக் கிணறும், கைவிட்ட கல்கிடங்கும், கண்மாய்க்குள் மண் அள்ளிய பள்ளமும். பிள்ளைகள் மூழ்கிச் சாவதும் இவற்றில்தான். ‘இங்கே குளிக்காதீர்கள்’ என்ற பலகையோடு நாம் நின்றுவிடுகிறோம். குளிக்கத் தக்க இடம் ஒன்றை ஊரே ஒதுக்கித் தராதவரை அந்தப் பலகையால் பயனில்லை என்பேன்.

கண்மாயின் தரை மெல்லச் சரிந்து, கரையோரம் மடையருகே ஆழமாகும். எங்கே இடுப்பளவு, எங்கே ஆளளவு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. வண்டல் எடுப்பது உழவுக்கு நல்லது. அரசும் இலவசமாக அனுமதிக்கிறது. ஆனால் சீராகச் சுரண்டாமல் ஒரே இடத்தில் ஜேசிபி செங்குத்தாகத் தோண்டிவிட்டால், முழங்கால் தண்ணீரில் நடக்கும் பிள்ளை அடுத்த எட்டில் மூழ்கும். கலங்கல் நீரில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கல்கிடங்கு இன்னும் மோசம்: நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை, பற்றி ஏற ஒரு படி கிடையாது. நீச்சல் தெரிந்தவனும் கை ஓய்ந்தால் அங்கே பிழைப்பது கடினம்.

பெற்றோர் தடுத்தால் என்ன என்று கேட்கலாம். காலையில் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போனவர்கள் மாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். 1980களில் இதே ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறி அந்த வேலைக்குப் போனார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிக்கூடங்களும் பெரும்பாடுபட்டு மீட்டுக் கொடுத்த விடுமுறை இது. அதைக் கழிக்க வேட்டுக் கிடங்குகளுக்கும் பாறைக் குழிகளுக்கும் நடுவே அவர்களை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பூங்கா வாரியம் ஏரிக்கரைகளில் நீந்தும் எல்லையை மிதவை கட்டிக் காட்டுகிறது; கோடையில் தண்ணீரைச் சோதித்து, கிருமி மிகுந்தால் அந்தக் கரையை மூடுகிறது. அது பணக்கார ஊர் என்பார்கள். வங்கதேசத்தில் கிராமக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார்களே! 2021இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிட்ட உலக சுகாதார நிறுவனம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இங்கே அதற்கு வாய்ப்பான காலமும் உண்டு. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும்போதுதான் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். நீந்தத் தெரிந்த பெரியவர்களும் வீட்டில் இருப்பார்கள். சுரைக்குடுக்கை கட்டிப் பழக்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கோடைக்கு, படியுள்ள பழைய கிணறு ஒன்றைத் தூர்வாரி, கயிறு கட்டி, ஓர் ஆளைக் காவல் வைத்தால் போதும். கல்கிடங்குகளுக்கு வேலி வேண்டும்.

பொது இடம் என்றால் சண்டை வரும் என்று தயங்குவோர் உண்டு. எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி வகுத்துவைத்த ஊர்கள் இவை. அந்தத் தயக்கத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் தனியார் கிணற்றிலிருந்து ஒரு பிள்ளையை விரட்ட உரிமையாளருக்கு வழியிருக்கிறது. ஊராட்சி நடத்தும் துறையிலிருந்து விரட்ட எவருக்கும் உரிமையில்லை. அங்கே பெண் பிள்ளைகளுக்கும் தனி நேரம் ஒதுக்கலாம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.