கலங்கலுக்குக் கீழே உள்ள கால்வாய்

புரட்டாசி முடியும் தறுவாயில் நமது சங்கங்களின் வாயிலில் இருவகைக் கவலைகள் வந்து நிற்பது வழக்கம். பயிரிடுவோர் உரத்திற்கும் பயிர்க்கடனுக்கும் வருகின்றனர். நெசவாளர் தீபாவளிச் சரக்கை ஒப்படைத்துக் கூலி பெற வருகின்றனர். வெளியே செல்லும்போது இரு திறத்தாரும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டே செல்கின்றனர். மழை வருமா என்று ஒருவர் பார்க்கிறார். வந்துவிடுமோ என்று மற்றவர் பார்க்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் இவ்விருவர் கவலையும் இப்பொழுது ஒன்றாகிவிட்டது. வந்த நீர் எப்பொழுது வடியும் என்பதே அது.

இவ்வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. மேற்கிலிருந்து கடல்வரை நிலத்தின் சரிவு மிகச் சிறிது. ஆகையால் பெய்த மழை தானே ஓடிவிடும் என்று இங்கே இருக்க முடியாது. இதை உணர்ந்த முன்னோர் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேலேரியின் உபரி நீரே கீழேரியின் வரத்து. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிறைந்தால் மாதவரம் இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும். இவ்வாறு சங்கிலியாய் அமைந்த ஏரிகளில் கரையையும் மதகையும் அனைவரும் அறிவர். கலங்கலைக் கவனிப்பவர் சிலர். கலங்கலுக்குக் கீழே செல்லும் போக்குக்கால்வாயைக் கவனிப்பவரோ அரியர். நாம் இங்கு எழுதப் புகுந்தது அக்கால்வாயைப் பற்றியே.

அதற்கு முன் ஏரியின் ஓர் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். ஏரி நீரைச் சேர்த்து வைப்பதோடு, வெள்ளத்திற்கு இடம் கொடுக்கவும் வேண்டும். மார்கழி, தை முதல் மதகு வழியே ஆயக்கட்டு வயல்கள் நீரைப் பருகின. கோடை முதிரும்போது ஏரியின் தரை பல இடங்களில் தெரிந்தது. ஐப்பசியில் வந்த முதல் வெள்ளம் அந்த வெற்றிடத்தில் அடங்கியது. வயலில் நெல் விளைவித்த உழவனே, தான் அறியாமலேயே, அடுத்த ஆண்டு வெள்ளத்திற்கு இடம் செய்து வைத்தான் எனலாம்.

1960-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கிற்று. இவற்றால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. இதில் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தொழிலாளர் குடியேற, ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. வயல் போனபின் மதகைத் திறப்பதற்குக் காரணம் இல்லை. போதாக்குறைக்கு வீடுகளின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் ஏரியில் வந்து விழுந்தது. கொரட்டூர் ஏரியைக் காக்க அவ்வூர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. ஐப்பசிக்கு முன்பே பாதி நிறைந்து நிற்கும் ஏரி, இரண்டாவது மழையிலேயே கலங்கல் வழிகிறது. அவ்வாறு வழியும் நீருக்குப் போக்குக்கால்வாயைத் தவிர வேறு கதி இல்லை.

அக்கால்வாய் எந்நிலையில் இருக்கிறது? பூவிருந்தவல்லிக்கு அருகே ஒரு சிற்றூரின் கலங்கலிலிருந்து கீழ்நோக்கிச் சென்ற கோடையில் நாம் நடந்து பார்த்தோம். முதல் ஒரு பர்லாங் வரை சீமைக்கருவேல முள். அதைத் தாண்டினால் கால்வாயின் ஒரு கரைமீதே மதிற்சுவர். அடுத்து, வண்டிப்பாதைக்காகப் போட்ட இரண்டு சிமெண்டுக் குழாய்கள். அவற்றில் ஒன்று மண்ணால் அடைபட்டிருந்தது. அதன்பின் கால்வாய் காணப்படவில்லை. ஒரு தெரு இருந்தது. தெருவிற்கு ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது. நம்முடன் வந்த முதிய ஆயக்கட்டாளர், “ஐயா, தெருவென்று நாம்தானே சொல்லுகிறோம்? கார்த்திகையில் வந்து பாருங்கள், தண்ணீர் அதைக் கால்வாய் என்றே நினைத்துக்கொண்டு வரும்” என்றார். அவருடைய வயல் இரண்டு ஏக்கரும் அத்தெருவிற்கு மேற்பக்கம் இருப்பவை. தெருவிற்குள் நுழைய முடியாத நீர் திரும்பி அவர் வயலில்தான் நிற்கிறது. நட்டுத் தூர் கட்டும் பருவத்தில் நெற்பயிர் ஒரு வாரத்திற்குமேல் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மைல் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 91 லட்சம் கன அடி. மண் குடித்தது போக என்று கழிக்காமல் கணக்கிட்டால், அது ஒரே நாளில் வடிவதற்கு விநாடிக்கு 105 கன அடி ஓடவேண்டும். 10 அடி அகலமும் 4 அடி ஆழமும் உள்ள கால்வாயில் விநாடிக்கு இரண்டரை அடி வேகத்தில் ஓடும் நீர் 100 கன அடி, ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது. அதே கால்வாயின் அகலத்தில் பாதியைச் சுவரும், ஆழத்தில் பாதியை வண்டலும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது நான்கில் ஒரு பங்கு. வேகமும் குறையுமாதலால் உண்மையில் அதுவும் தேறாது. ஒரு நாளில் வடியவேண்டியது நான்கைந்து நாள் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் நீர் தேங்கி நின்றதைக் கண்டவர்களுக்கு இக்கணக்கு வியப்பளிக்காது.

சிறு கால்வாய்க்குச் சொன்னது பேரேரிக்கும் பொருந்தும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிடப்பட்டது. நிறைந்த ஏரியே அவ்வேகத்தில் சுமார் 35 மணி நேரத்தில் வற்றிவிடும் என்றால் வெள்ளத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். திறந்த முறையைக் குறைகூறித் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அவ்வழக்கில் நாம் புகவில்லை. எனினும், அடையாற்றில் அன்று ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தது. ஒரு மதகின்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டால் மற்றக் கால்வாய்களைப் பார்க்கவேண்டியதில்லை என்ற வசதி நமக்கு ஏற்பட்டுவிடுகிறது!

செம்பரம்பாக்கத்து உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியே சென்று அடையாற்றில் கலக்கிறது. குன்றத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை நமது அங்கத்தினருக்குச் சொல்லவேண்டுவதில்லை. குழித்தறி உள்ள வீட்டில் வெள்ளம் வாசற்படியைத் தாண்டவேண்டும் என்பதில்லை. சுற்றுப்புறத்தில் நீர் வடியாமல் நின்றால் நிலத்தடி நீர் ஏறித் தறிக்குழியில் தானே ஊறிவிடும். மிதிகட்டை நனைந்து ஊறும். தறியில் ஏற்றிய பாவு ஈரம் பிடித்துப் பூஞ்சை பூக்கும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடவும் இயலாது. குழி உலர்ந்து மீண்டும் தறியில் அமர நாட்கள் பல ஆகும். அந்நாட்களுக்குக் கூலி கிடையாது. நெல் நட்டவர் இழப்பைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வயலுக்கு வருவதுண்டு. தறிக்குழியை எட்டிப் பார்ப்பவர் மிகக் குறைவு.

இனி, கால்வாயைப் பேணுவது யார் பொறுப்பு? உத்திரமேரூர்ச் சபையில் பராந்தக சோழன் காலத்திலேயே, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஏரி வாரியம் என்று தனியே ஒன்று இருந்தது. 1767 முதல் 1774 வரை பழைய செங்கற்பட்டு ஜில்லாவை அளந்த பார்னார்டு என்ற ஆங்கிலேயரின் கணக்குகளில், ஊர் விளைச்சலிலிருந்து ஏரிப் பராமரிப்புக்குப் பங்கு ஒதுக்கியிருந்தது பதிவாகியுள்ளது. அந்தப் பங்கு நின்றபின், ஊரார் உழைப்பைக் கட்டாயமாக்கி 1858-இல் சட்டம் செய்தனர். அது பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டாளர் பொருளாகவோ உழைப்பாகவோ ஏற்கச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயக்கட்டே இல்லாத ஏரியில் அந்தப் பத்தில் ஒரு பங்கை யாரிடம் கேட்பது? மனை வாங்கியவருக்குத் தம் வீடு பழைய ஆயக்கட்டில் நிற்பதே தெரியாது.

இவ்விடத்தில்தான் சங்கம் முன்வர இயலும் என்று கருதுகிறோம். உழவரும் நெசவாளரும் ஒரே பேரேட்டில் பெயர் உள்ளவர்கள்; ஒருவர் வயலில் நிற்கும் நீரும் மற்றவர் குழியில் ஊறும் நீரும் ஒரே கால்வாயில் தடைப்பட்டவை. வழக்காடுவதற்கு முன் அளப்பது நன்று. கிராம வரைபடத்திலும் நிலப் பதிவேட்டிலும் கால்வாய்ப் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று எழுதப்பட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அதைக் குறித்துக்கொண்டு, நான்கு பேர் ஒரு சங்கிலியுடன் நடந்தால் எங்கே எவ்வளவு குறைந்தது என்பது ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். குறைவு புறம்போக்கில் என்றால், ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் இயற்றிய சட்டத்தைச் சுட்டி நீர்வளத் துறைக்கும் தாசில்தாருக்கும் எழுதலாம். குறைவு வெறும் வண்டலால் என்றால், எழுதிக் காத்திராமல் ஆவணிக்குள் வெட்டி எறிய ஏற்பாடு செய்யலாம். அளக்கப் போகுமிடத்தில் நம் அங்கத்தினர் ஒருவருடைய வரப்பே கால்வாய்க்குள் இரண்டடி நீண்டிருப்பதும் காணக்கூடும். அதை முதலில் வெட்டவேண்டும். இல்லையேல் மதிற்சுவர்க்காரரிடம் நாம் பேசுவதற்கு வாய் இராது.

அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர், தத்தம் ஊர்ப் போக்குக்கால்வாய் எந்தப் புல எண்ணில் தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்பதையும், பதிவேட்டில் உள்ள அகலத்தையும், இன்று உள்ள அகலத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். குழித்தறி உள்ளவர்கள், சென்ற மழையில் குழியில் எத்தனை நாள் நீர் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுக.