‘புட் அப்’ என்னும் இரு சொற்கள்

ஆங்கிலம் கற்பாரைத் திகைக்க வைப்பன நீண்ட சொற்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. நீண்ட சொல்லுக்குப் பொருள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அகராதியைப் புரட்டினால் அகப்பட்டுவிடும். சின்னஞ்சிறு சொற்கள் இரண்டு கைகோத்து வரும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். ‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் கூடினால் ‘மேலே வை’ என்றுதானே பொருள்படவேண்டும்? ஆனால் அப்படிப் பொருள்படும் இடங்கள் மிகச் சிலவே.

இவ்விடர் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1755-ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் ஒட்டிப் பொருள் மாறும் இவ்வழக்கு அயலார்க்கு மிகப் பெரிய தொல்லை தருவது என்று குறித்தார். இவ்வகைத் தொடருக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயர் அச்சேறியதோ 1925-இல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலில்தான். நோயைக் கண்டு நூற்றெழுபது ஆண்டு சென்ற பின்னரே அதற்குப் பெயர் கிடைத்தது!

இதனை விளக்க எம் ஊராகிய நாராயணவனத்தையே துணைக்கு அழைக்கிறோம். புத்தூர் நிலையத்திற்கு அண்மையில், இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். ஆகாசராசன் திருமகளாகிய பத்மாவதியை வேங்கடவன் மணந்த இடம் அதுவே என்பது தலபுராணம். கோயில் கொண்டிருப்பவரும் கல்யாண வேங்கடேசுவரரே. ஆகவே ஒரு கலியாணத்தையே பாடமாகக் கொள்வோம்.

வாசலில் பந்தல் போடுகிறோம். அது ‘புட் அப்’. முதல்நாளே வந்திறங்கிய உறவினரை மாடியறையில் தங்க வைக்கிறோம். அதுவும் ‘புட் அப்’. வழிகாட்டும் அட்டையைத் தெருமுனையில் மாட்டுகிறோம், அதுவும் அதுவே. செலவுக்கு ஒருவர் பணம் தந்து உதவுகிறார். வேங்கடவனுக்குக் குபேரன் தந்தானே, அதையும் இவ்விரு சொற்களால் கூறலாம். முகூர்த்தநாள் நெருங்கவே வாழையிலைக்காரர் விலையை ஏற்றுகிறார். அதுவும் ‘புட் அப்’. கைப்பணம் போதாமல் பெண்ணின் தந்தை காணி நிலத்தை விற்பனைக்கு விடுகிறார். ‘ஃபார் சேல்’ என்பது பின்னால் சேர, அங்கும் அதே சொற்கள். மாப்பிள்ளையை எவரோ தூண்டிவிட்டு மோதிரம் கேட்கச் செய்கிறார். ‘டு’ என்பது சேர்ந்தால் தூண்டிவிடுதல். இத்தனையையும் பெண்ணைப் பெற்றவர் வாய்திறவாமல் பொறுத்துக்கொள்கிறார். அதுதான் ‘புட் அப் வித்’.

நிற்க. நம் நாட்டு அலுவலகங்களில் இத்தொடருக்கு வேறொரு பொருளும் உண்டு. கோப்பின் ஓரத்தில் அதிகாரி ‘புட் அப்’ என்று எழுதினால், ‘உரிய குறிப்பெழுதி என் பார்வைக்கு வை’ என்பது கருத்து. ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ என்றால் ‘முன்னைக் காகிதங்களோடு சேர்த்து வை’ என்க. அகராதியை மட்டும் நம்புவோர், ‘முன்னைக் காகிதங்களைப் பொறுத்துக்கொள்’ என்றன்றோ பொருள் கொள்வர்?

இதை வேடிக்கை என்று தள்ளிவிட இயலாது. நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். இருப்புப்பாதை வேலையில் இருந்த தொழிலாளி ஒருவர் காலமானார். அவர் மனைவியின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் வந்தது. கணவரின் சர்வீஸ் புத்தகத்தில் ஓரிரு பதிவுகள் விடுபட்டிருந்தன. அதிகாரி அப்புத்தகத்தோடு விண்ணப்பத்தைத் தம்மிடம் வைக்குமாறு மேற்சொன்ன பாணியில் எழுதி அனுப்பினார். புதிதாய்ச் சேர்ந்த எழுத்தரோ, புத்தகத்தின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி உத்தரவாகிவிட்டது, இனிச் செய்யவேண்டியது யாதுமில்லை என்று கருதிக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். ஐந்து வாரங்கள் சென்றன. அவ்வம்மையார் மூன்று முறை வந்து திரும்பினார். ‘உத்தரவாகிவிட்டது அம்மா’ என்றே மும்முறையும் விடை கிடைத்தது. முடிவில் மூத்த எழுத்தர் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. அதுவரை அந்த வீட்டில் மளிகைக்கடைக் கடன் ஏறிக்கொண்டே இருந்தது.

அவ்விளைஞரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியவர். அகராதியும் அவர் பக்கமே நின்றது. சொல்லுக்குப் பொருள் படித்திருந்தார். சொல் வழங்கும் இடத்தை அவருக்கு எவரும் காட்டவில்லை.

கடல் கடந்து வாழ்வோர்க்கு இதன் மறுபக்கம் நேரிடும். நம் அலுவலகப் பழக்கத்தில் ‘காகிதங்களைப் புட் அப் செய்கிறேன்’ என்று அயல்நாட்டு மேலாளரிடம் கூறினால், அவற்றைச் சுவரில் ஒட்டப் போகிறார் போலும் என்று அவர் எண்ணக்கூடும். அங்கே ‘சப்மிட்’ என்னும் ஒற்றைச் சொல்லே போதும்.

இதற்கு மருந்து யாது? அது நம் தாய்மொழியிலேயே உள்ளது. சோறு போடு, கோலம் போடு, தாழ்ப்பாள் போடு, கணக்குப் போடு, சண்டை போடு என்கிறோம். ‘போடு’ ஒன்றே, பொருள் ஐந்து. எம் ஊரில் தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பழகுவன. தெலுங்கர் ‘அன்னம் பெட்டு’ என்றால் சோறு போடு. ‘தண்டம் பெட்டு’ என்றால் கும்பிடு போடு. ‘பேரு பெட்டு’ என்றால் பெயர் வை. இவற்றை எந்தக் குழந்தையும் மனப்பாடம் செய்ததில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தே பொருளை அறிந்துகொள்கிறது.

ஆங்கிலத்தையும் அவ்வாறே பயிலுதல் வேண்டும். ‘புட் அப்’ என்பதை அடுத்து வருவது கட்டடமா, விருந்தினரா, விலையா என்று நோக்குக. ‘வித்’ வந்தால், அதன்பின் வருவது துன்பமா, காகிதமா என்று நோக்குக. துன்பமாயின் பொறுத்தல், அலுவலகக் காகிதமாயின் சேர்த்து வைத்தல். பிள்ளைகளுக்குச் சொற்பட்டியல் எழுதித் தருவதினும், ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டில் வழங்கும் வாக்கியம் ஒன்றைச் சொல்லித் தருதல் நன்று.

இல்லத்திற்கு வரும் ஆங்கிலக் கடிதத்தில் இத்தகைய தொடர் காணப்பட்டால், தெரிந்தவரிடம் கேட்டறிய எவரும் நாணவேண்டா. அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் அன்பர்களும், மேசைக்கு முன் நிற்பவர் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பின் கட்டை மீண்டும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களாக.