அதிகாரிகளுக்குச் சிறை! கைவிரித்தது கம்பெனி!

அமெரிக்காவில் பிலடெல்பியா கோர்ட்டு. 1961 பிப்ரவரி மாதம். நீதிபதி முன் நின்றவர்கள் பிக்பாக்கெட்காரர்கள் அல்ல. பெரிய மின்சாரக் கருவிக் கம்பெனிகளின் அதிகாரிகள்!

குற்றம் என்ன? டெண்டர் மோசடி. போட்டி போட வேண்டிய கம்பெனிகள் ஓட்டல்களில் ரகசியமாகக் கூடிப் பேசின. இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு! குறைந்த விலை யார் கேட்பது என்பதற்கு ஓர் அட்டவணை. “பிறைக் கணக்கு” என்று அதற்குப் பெயர். கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியலுக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பட்டியல் என்று பெயர். பேஷான ஏற்பாடு!

ஒட்டிய கவர்களில் வந்த டெண்டர்களில் காசு பிசகாமல் ஒரே விலை இருந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் இதைக் கண்டது. 1959-ல் விசாரணை தொடங்கியது. குட்டு உடைந்தது.

மறுக்க வழியில்லை. வக்கீல்கள் கருணை கேட்டார்கள். இவர்கள் நல்ல குடும்பஸ்தர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், கம்பெனி வழக்கப்படி நடந்தவர்கள் என்று வாதாடினார்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோ, கூட்டுச் சேரக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போட்டிருந்ததைக் காட்டியது. இதனால்தான் இத்தகைய வழக்கில் அதிகாரிக்குத் தனி வக்கீல் வேண்டும். கம்பெனி வக்கீல் காப்பாற்றுவது கம்பெனியை!

மேலிடத்துக்குத் தெரியாது என்பதை நீதிபதி நம்பவில்லை. ஆனாலும் சிறைக்குப் போனவர்கள் 7 அதிகாரிகள். ஆளுக்கு 30 நாள். 29 கம்பெனிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்து அபராதம் சுமார் 19 லட்சம் டாலர்.

வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி தன் ஆட்களை வேலையில் வைத்துக்கொண்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் அதிகாரிகளுக்கு வேலையும் போயிற்று.