பழம் அரைக்கும் பொறி

ஆனைக்கொய்யாவையும் பாலையும் சேர்த்து அடிப்பதற்கு விலையுயர்ந்த பிளெண்டர் வேண்டியதில்லை. பொறியின் இயல்பை அறிந்தாற் போதும். அலகு சுழலுங்கால் பால் சுழியாகிக் கீழிறங்கிப் பழத்துண்டுகளையும் இழுத்து வருகின்றது. பால் குறைந்தால் அலகைச் சுற்றிக் காற்றுப்பை உண்டாகும். மோட்டர் இரையும், பழமோ அசையாது. ஆதலின் முதலிற் பாலை ஊற்றிப் பின்பே பழத்தை இடுதல் வேண்டும்.

கடைக்காரர் ‘வாட்’ எண்ணையே பெரிதாகப் பேசுவர். அது மோட்டர் கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி, அரைக்குந் திறனின் அளவன்று. மென்பழங்களுக்கு 300 முதல் 500 வாட் வரை போதும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொறி 120 வோல்ட்டுக்கு உரியதாயின், நமது 230 வோல்ட்டில் நேரே செருகக் கருகிவிடும்.

யான் முதன்மையாக வினவச் சொல்வது வேறொன்று: அலகின் அடியிலுள்ள இறப்பர் வளையம் தனியே விலைக்குக் கிடைக்குமா? மோட்டர் நன்றாயிருந்தும் எத்தனையோ பொறிகள் பரணிலே தூங்குவது அச்சிறு வளையம் கிடையாமையாலேயே. கண்ணாடிச் சாடி அழகுதான். உடைந்தால் மாற்றுச் சாடிக்கும் இதே கேள்விதான்.

சிறிய மோட்டர் விரைவிற் சூடேறும். ஒரு நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுக.