அருவியின் ஓசை எங்கிருந்து வருகிறது?

திருப்பாச்சூரிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகப் புத்தூர்ச் சாலையில் சென்றால், ஆந்திர எல்லைக்குள் கைலாசகோனா என்னும் இடம் வருகிறது. காட்டின் நடுவே, ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிற்றருவி. குற்றாலத்தைக் கண்டவர்களுக்கு இது சிறியதுதான். ஆனால் சித்திரை வெயிலிலும் இது வற்றுவதில்லை. மழையில்லாக் காலத்தில் நீர் ஏது?

இங்குள்ள மலைகள் குவார்ட்சைட் என்னும் பாறையால் ஆனவை. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்த மணல், சிலிக்காவால் இறுகி உண்டான கல் இது. (பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் கண்டெடுக்கப்பட்ட ஆதிமனிதரின் கற்கருவிகளும் குவார்ட்சைட்டால் ஆனவையே.) இதன் மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள், உறிஞ்சாது. ஆனால் பாறையெங்கும் வெடிப்புகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையைக் காட்டின் சருகும் மண்ணும் பிடித்துவைத்து, சிறிது சிறிதாக அவ்வெடிப்புகளுக்குள் இறக்குகின்றன. உள்ளே மெல்ல நகரும் நீர், வெடிப்பு வாய் திறக்கும் இடத்தில் மாதக்கணக்கில் கசிகிறது. மேலே காடு அழிந்தால் அதே மழை சில மணி நேரத்தில் ஓடி வடிந்துவிடும்.

இனி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நீர் பாறையில் மோதுவதால்தான் இந்த ஓசை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு அதனால் அன்று! விழும் நீர் காற்றையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு மடுவுக்குள் பாய்கிறது. அக்காற்று குமிழிகளாக உடைகிறது. ஒவ்வொரு குமிழியும் பிறக்கும் கணத்தில் சுருங்கி விரிந்து, சிறு மணிபோல் ஒலிக்கிறது. இதற்குக் கணக்கு வகுத்தவர் மின்னார்ட், ஆண்டு 1933. அவர் ஒரு வானியலறிஞர் என்பது வேடிக்கை! 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்கு ஏறத்தாழ 3,000 முறை அதிர்கிறது. 10 மில்லிமீட்டர் ஆரமுள்ளது 300 முறை. குமிழி பெரிதானால் ஒலி தாழும். வீட்டில் குடத்தில் நீர் பிடிக்கும்போதும் இதைக் கேட்கலாம்.

இன்னிசை தரும் இக்குமிழிகளே ஆளையும் விழுங்கும். அருவி விழும் இடத்து வெண்ணுரையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்று கொள்வோம். அங்கே ஒரு லிட்டரின் எடை 800 கிராம்தான். நம் உடலோ லிட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிராம். ஆர்க்கிமிடீசு விதிப்படி உடல் மிதக்காது, அமிழும். கையை வீசினாலும் தள்ளுவதற்குப் போதிய நீர் இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மடுவில் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிப்பதானால் நுரை அடங்கிய, ஆழம் தெரிந்த ஓரத்திலேயே குளியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையுச்சியில் பெருமழை பெய்யலாம். அத்தனை நீரையும் வெடிப்புகள் ஏற்க மாட்டா. மிச்சம் பாறைமேல் வழிந்து சில நிமிடங்களில் வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஓசை தடித்தாலோ, துணிமணியைத் தேடி நிற்காமல் கரையேறி மேட்டுக்குச் சென்றுவிடுங்கள். எதிர்க்கரையில் செருப்பு கிடந்தால் கிடக்கட்டும். வெள்ளம் வடிந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.