வெயிலிலும் இன்ஜின் குளிர்கிறது என்கிறதே, ஏன்?

திருப்பருத்திக்குன்றத்தில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. காரோ பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை விடுகிறது. ஏன்? இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டால், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்றே காரின் கம்ப்யூட்டர் நம்பக்கூடும். எரிபொருளை அள்ளி ஊற்றும்.

சாயக்காரர் நூலை முக்குமுன் கொப்பரையின் சூடு பார்ப்பார். இங்கே அந்த வேலை சென்சாருக்குள் இருக்கும் தெர்மிஸ்டருக்கு. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும்: பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே சென்சாரைக் கழற்றுங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். கழற்றியதை உடனே எறியாதீர்கள். அதன் பின்களில் ஓம் அளவில் வைத்த மல்டிமீட்டரை இணைத்து, முனையை மட்டும் பழைய டம்ளரில் எடுத்த வெந்நீரில் முக்கிப் பாருங்கள். நல்ல சென்சாரில் எண் மளமளவென இறங்கும். அசையாமல் நின்றால் பழுது அதுதான். புதியதைக் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். சிந்திய கூலன்டை ஈடுகட்டி நிரப்புங்கள்.